கிண்ணத்து வளையமும் காலின் புண்ணும்

புறத்திணைப் பாடல்களைப் படித்தவர்கள் புண்களைக் காணாமல் கடந்து வந்திருக்க முடியாது. காயம்பட்டுக் கிடக்கும் கணவனுக்காக வீட்டில் வேப்பிலை செருகி, வெண்சிறுகடுகு புகைத்து, காஞ்சிப் பண் பாடிக் காவலிருக்கும் பெண்ணைப் புறநானூறு காட்டுகிறது. புண்மேல் வைத்த பஞ்சை இன்னும் எடுக்காத மறவர்களும் அதே தொகையில் வருகிறார்கள். நெடிய ஊசியால் தைக்கப்பட்ட புண்ணின் வடுவைப் பதிற்றுப்பத்து பேசுகிறது. நெடுநல்வாடையின் முடிவில், உறக்கம் துறந்த அரசன் நள்ளிரவில் பாசறையைச் சுற்றிவந்து புண்பட்ட வீரர்களைப் பார்க்கிறான். பஞ்சு, ஊசி, மூலிகைப் புகை, உடனிருக்கும் ஆள் எனக் காயம் பேணும் கலையின் அடிப்படைகள் அனைத்தும் அங்கேயே வந்துவிட்டன.

ஆனால் அவை விழுப்புண்கள். பெருமைக்குரியவை என்பதால் பாட்டில் ஏறியவை. நம் காலத்தின் புண் வேறு. சர்க்கரை நோயால் உணர்விழந்த பாதத்தில் செருப்பின் வார் உரசி, அல்லது காட்டில் நடக்கையில் முள் தைத்து, வலிக்காததாலேயே கவனிக்கப்படாமல் ஆழமாகிப் போகும் புண் அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023இல் வெளியான பேராய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் ஒரு பகுதியினருக்கேனும் இந்தப் புண் வரும். சிலர் விரலை இழப்பார்கள், சிலர் காலை. அந்தக் காலுக்குக் கட்டப்படும் துணியைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் கட்டுத்துணிக்கு என்ன வேலை என்று எவரும் கேட்கமாட்டார்கள் என்று நம்புகிறோம். மேலே சொன்ன புலவர்களுக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை.

இந்தப் பேச்சைக் கோவையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் நூற்பாலையை நிறுவியதும், 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகியதும் அனைவரும் அறிந்த கதை. 1956இல் அந்த ஆலைகளின் தேவைக்காகத் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், நாம் சுருக்கமாகச் சிட்ரா என்று சொல்வது, இங்கே உருவானது. பின்னர் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் திட்டத்தின்கீழ் அது மருத்துவ ஜவுளிக்கான சிறப்பு மையமாகவும் ஆயிற்று. சுற்றிலும் ஜவுளித் தொழில்நுட்பமும் நுண்ணுயிரியலும் கற்பிக்கும் கல்லூரிகள், வேளாண் பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரிகள். உடுமலைப் பக்கம் பட்டுக்கூடு, ஈரோட்டில் மஞ்சள், மேட்டுப்பாளையத்திலும் கோபியிலும் வாழை. ஆலைகளில் சீவும் எந்திரம் கழித்துத் தள்ளும் குட்டை இழைப் பஞ்சுகூட வீணாவதில்லை. வெளுத்து, மருத்துவப் பஞ்சாகிறது. தெற்கே ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் விசைத்தறிகளோ, இந்தியாவின் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணியை நெய்து குவிக்கின்றன. காயத்துக்கு வேண்டிய எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன எனலாம்.

இந்தச் சூழலில், இயற்கைப் பலபடிகளைக் கொண்டு பாக்டீரியாவை எதிர்க்கும் காயப்போர்வை செய்யும் ஆய்வு இங்கே தழைத்ததில் வியப்பில்லை. பலபடி என்பது சிறு மூலக்கூறுகள் மணிமாலைபோல் கோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. பஞ்சின் செல்லுலோஸ் அப்படிப்பட்டது. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசான், பழுப்புக் கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட், தோலிலிருந்து கிடைக்கும் கொலாஜன், பட்டுக்கூட்டின் ஃபைப்ராயினும் செரிசினும் அந்த வகையே. தமிழகத்துக்கு இவற்றில் பழைய உறவும் உண்டு. ஆல்ஜினேட்டுக்கான சர்காசம், டர்பினேரியா பாசிகளை மன்னார் வளைகுடாக் கரையில் சேகரித்தவர்கள் பெரும்பாலும் மீனவப் பெண்கள். தோல் தொழிலுக்காக 1948இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், கொலாஜனைக் காயத்துக்கான பொருளாக்கும் ஆய்வில் நெடுங்காலமாக ஈடுபட்டுவருகிறது.

பஞ்சும் காஸ் துணியும் இருக்க இவையெல்லாம் எதற்கு? விடை ஒரு பழைய ஆய்வில் இருக்கிறது. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் பன்றிகளின் மேல்தோலில் சிறு காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் விட்டார், சிலவற்றைப் பாலிதீன் தாளால் மூடினார். மூடப்பட்டு ஈரமாக இருந்த காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. "புண்ணைக் காற்றாட விடு" என்று நம் வீடுகளில் தலைமுறைகளாகச் சொல்லப்பட்டுவந்த அறிவுரைக்கு எதிரான முடிவு அது. உலர்ந்த காஸ் துணி காயத்தின் நீரை உறிஞ்சும். பிறகு அதனுடனேயே ஒட்டிக் காய்ந்துவிடும். மறுநாள் பிரிக்கையில் புதிதாக வளர்ந்த தசையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். நல்ல காயப்போர்வை மிகுந்த நீரை வாங்கிக்கொள்ள வேண்டும், தேவையான ஈரத்தை விட்டுவைக்க வேண்டும், ஒட்டக்கூடாது, கிருமி பெருகக்கூடாது. ஆல்ஜினேட் இழை இதை அழகாகச் செய்கிறது. அதிலுள்ள கால்சியம், புண்ணின் நீரிலுள்ள சோடியத்துக்கு இடம் கொடுக்க, இழை பாகுபோல் இளகிக் காயத்தின்மேல் படிகிறது. எடுக்கும்போது வலி குறைவு. கைட்டோசான் குருதியை உறையச் செய்வதில் வல்லது. 2002இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கைட்டோசான் கட்டு, ஆப்கானிஸ்தான், இராக் போர்களில் பயன்பட்டது. இந்தியாவிலும் அகமதாபாத்தில் தொடங்கிய ஆக்சியோ பயோசொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம் கைட்டோசான் பஞ்சைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆக, அறிவியல் கற்பனையல்ல.

நம் மனக்குறை வேறிடத்தில். இத்துறையில் வெளிவரும் ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வாய்பாடு கண்ணில் படும். பருத்தித் துணியோ நெய்யாத் துணியோ எடுத்துக்கொள்ளப்படும். அதன்மேல் கைட்டோசானோடு ஒரு மூலிகைச் சாறு பூசப்படும்: வேம்பு, சோற்றுக்கற்றாழை, துளசி, மஞ்சள், ஏதேனும் ஒன்று. இரண்டு பாக்டீரியாக்கள், பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸும் ஈ. கோலையும், பெட்ரி கிண்ணத்தில் வளர்க்கப்படும். துணித்துண்டைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம் ஒன்று தோன்றும். அதன் விட்டம் மில்லிமீட்டரில் அளக்கப்படும். காயப்போர்வைக்கு இது ஏற்றது என்ற வாக்கியத்துடன் கட்டுரை முடியும். அடுத்த ஆண்டு வேறொரு மூலிகை.

அந்த வளையத்தை நாம் அளவுக்கு மீறி நம்புகிறோம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலாவதாக, வளையம் எதைக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். துணியிலிருந்து ஏதோ ஒன்று கசிந்து கிண்ணத்துக் கூழில் பரவினால்தான் வளையம் வரும். கைட்டோசானோ பெரிய மூலக்கூறு, எளிதில் பரவாது. தன்னைத் தொடும் கிருமியைத்தான் அது தாக்கும். எனவே கைட்டோசான் துணியைச் சுற்றி அகலமான வளையம் தெரிந்தால், வேறு ஏதோ கசிகிறது என்று ஐயுறுவதே முறை. கைட்டோசானைக் கரைப்பதற்கு அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரிலுள்ள அமிலம், பயன்படுகிறது. அது சரியாகக் கழுவப்படாமல் எஞ்சினால் அதுவே கிருமியைக் கொல்லும். வினிகரின் வெற்றி இறால் ஓட்டின் வெற்றியாகப் பதிவாகிவிட வாய்ப்புண்டு. அமெரிக்க ஜவுளி வேதியியலாளர் சங்கத்தின் 147ஆம் சோதனை முறையே, வளையத்தின் அகலத்தைக் கிருமி எதிர்ப்பின் அளவாகக் கொள்ளக்கூடாது என்று எச்சரிக்கிறது. எண்ணிக்கையில் அளக்க வேண்டுமென்றால் அதே சங்கத்தின் 100ஆம் முறை இருக்கிறது.

இரண்டாவதாக, கிண்ணம் காலன்று. கைட்டோசானின் அமைன் தொகுதிகள் நேர்மின்னேற்றம் பெற்றுக் கிருமியின் எதிர்மின் உறையைப் பற்றுவதால்தான் அது வேலை செய்கிறது. அதற்குச் சற்றே அமிலச் சூழல் வேண்டும். காரகாடித்தன்மை எண் 6.5ஐத் தாண்டினால் அந்த ஏற்றம் வேகமாகக் குறையும். நாட்பட்ட புண்ணின் நீரோ பெரும்பாலும் 7க்கு மேல், காரத்தின் பக்கம் நிற்பது. மேலும், கிண்ணத்தில் கிருமிகள் தனித்தனியே மிதக்கின்றன அல்லது மெல்லிய படலமாய்ப் பரவியிருக்கின்றன. புண்ணில் அவை வழவழப்பான உயிர்ப்படலம் ஒன்றைத் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கோட்டைக்குள் இருப்பதுபோல் வாழ்கின்றன. 2008இல் வெளியான ஆய்வொன்று நாட்பட்ட புண்களில் 60 விழுக்காட்டிலும், புதிய காயங்களில் 6 விழுக்காட்டிலும் அத்தகைய படலத்தைக் கண்டது. சீழும் புரதமும் நிறைந்த அந்தச் சூழலில், கிண்ணத்தில் வென்ற பல பொருள்கள் தோற்றுவிடும்.

மூன்றாவதாக, "இயற்கை" என்ற சொல்லின் மயக்கம். கைட்டோசான் என்று ஒரே பெயர் இருந்தாலும், எந்த ஓடு, எவ்வளவு நேரம் காரத்தில் கொதித்தது, சங்கிலியின் நீளம் என்ன என்பதைப் பொறுத்து ஒவ்வொரு கொதியும் ஒவ்வொரு பொருள். கடற்பாசியின் ஆல்ஜினேட் இனத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். ஆலைப் பொருளுக்கு இருக்கும் சீர்மை இவற்றுக்கு இல்லை. அதைக் கொண்டுவருவதுதான் உண்மையான உழைப்பு. கிருமிநீக்கமும் எளிதல்ல. காமா கதிரும் நீராவியும் இச்சங்கிலிகளை அறுத்துவிடக்கூடும். எத்திலீன் ஆக்சைடு வாயுவைப் பயன்படுத்தினால் அதன் எச்சத்தை அளந்தாக வேண்டும். மூலிகைச் சாறு சேர்த்தவர்கள் அந்தச் சாற்றின் கூறுகள் கிருமிநீக்கத்துக்குப் பிறகும், ஆறு மாதம் அலமாரியில் இருந்த பிறகும் நிற்கின்றனவா என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை.

மஞ்சளைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தினர் 1995இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். நம் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும், 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரையையும் சான்றுகளாக அடுக்கி வழக்காடியது. 1997இல் காப்புரிமை நீக்கப்பட்டது. கொங்கு மண்ணுக்கு, குறிப்பாக 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளுக்கு, அது பெருமையான வெற்றி. ஆனால் நாம் வென்றது மஞ்சள் பிறருக்குச் சொந்தமல்ல என்பதை மட்டுமே. மஞ்சள் தடவிய கட்டு சர்க்கரை நோயாளியின் பாதப்புண்ணை எத்தனை நாளில் ஆற்றும் என்ற கேள்வி அந்த வழக்கில் எழவில்லை. உரிமை நிலைநாட்டப்பட்டால் மருத்துவம் நிலைநாட்டப்பட்டுவிட்டது என்று எண்ணிக்கொள்வது நமக்குப் பழகிப்போன சௌகரியம்.

புண்ணிடமே கேட்டவர்கள் என்ன கண்டார்கள்? ஆல்ஜினேட் கட்டுகள் சர்க்கரை நோயாளிகளின் பாதப்புண்ணை மற்றக் கட்டுகளைவிட நன்றாக ஆற்றுகின்றனவா என்று காக்ரேன் அமைப்பு 2013இல் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தது. அப்படிச் சொல்வதற்குச் சான்றில்லை என்று அது எழுதியது. செலவு மிக்க கட்டைப் பற்றி, அது பிறந்து பல பத்தாண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு இது. இதற்கு மாறாக, 2003இல் மகாராஷ்டிரத்து மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. மேலோட்டமான தீக்காயங்களுக்கு வாழையிலையையும், அதற்கு முன்பே மும்பையில் பழக்கத்துக்கு வந்திருந்த வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலையும் கட்டி ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றுபோலவே ஆற்றின. வாழையிலைக்கு ஆன செலவு பதினொன்றில் ஒரு பங்கு. தீப்பட்டவரை வாழையிலையில் கிடத்தும் வழக்கம் நம் ஊர்களில் பழையது. அதைப் பெருமையாகச் சொல்வதோடு நின்றுவிடாமல், நோயாளியின் வலியையும் நாட்களையும் ரூபாயையும் அளந்து பார்த்தார்கள் என்பதே அந்த ஆய்வின் மதிப்பு. அதில் உயர்தொழில்நுட்பம் ஏதுமில்லை, கேள்வி சரியானது.

இன்னொருவரையும் நினைக்க வேண்டும். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூருக்கு வந்து, பின்னர் தொழுநோயாளர்களுக்கு மருத்துவம் பார்த்தார். அவர்களுடைய பாதப்புண் ஆறாததற்குக் காரணம் நோய் சதையை அழுகச் செய்வதல்ல, வலி தெரியாத காலில் அவர்கள் தொடர்ந்து நடப்பதே என்று அவர் கண்டார். அழுத்தத்தை நீக்கி, காலை மாவுக்கட்டில் வைத்தால் புண் ஆறியது. அந்த அறிவே பின்னர் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் பயன்பட்டது. கட்டுத்துணியின் இடம் எது என்பதை இது நமக்கு நினைவூட்டுகிறது. சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். காலுக்கு ரத்த ஓட்டம் வேண்டும். அழுத்தம் விலக வேண்டும். இவை மூன்றும் நடந்தால்தான் எந்தப் போர்வைக்கும் வேலை. போர்வை புண்ணை ஆற்றுவதில்லை, ஆறவிடுகிறது. இந்தப் பணிவு ஆய்வேடுகளின் தலைப்புகளில் இல்லை.

அப்படியானால் கோவையின் ஆய்வகங்களை மூடிவிடலாமா? நாம் சொல்வது அதற்கு நேர்மாறானது. அந்த ஆய்வகங்களால் முடிக்கக்கூடியது என்ன என்பதற்கு அண்மைச் சான்று இருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, மருத்துவர்கள் அணியும் முழு உடல் கவச உடை இந்தியாவில் ஏறத்தாழ உற்பத்தியே ஆகவில்லை. செயற்கை ரத்தத்தை அழுத்தத்தில் செலுத்தி, துணி வழியே ஊடுருவுகிறதா என்று சோதித்துச் சான்றளிக்கும் பணி தொடக்கத்தில் சிட்ராவின் தோளில் விழுந்தது. பிறகு வேறு ஆய்வகங்களும் சேர்ந்தன. திருப்பூரிலும் கோவையிலும் பனியன் தைத்தவர்கள் தையல் ஓரங்களுக்கு நாடா ஒட்டக் கற்றுக்கொண்டார்கள். மே மாதத்துக்குள் நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் கவச உடைகள் நாட்டில் உற்பத்தியாயின. அப்போது புதிதாக எந்த அறிவியலும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்தவை மூன்று: தெளிவான ஒரு தர அளவுகோல், அதைச் சோதிக்க ஓர் ஆய்வகம், தேறியதை வாங்கிக்கொள்ள ஓர் அரசு.

காயப்போர்வைக்கு இம்மூன்றில் முதலிரண்டும் ஓரளவு இருக்கின்றன. மூன்றாவதுதான் இல்லை. ஆனால் அதற்கான வாசலும் தமிழகத்தில் உண்டு. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளையும் அறுவைச் சிகிச்சைப் பொருள்களையும் மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. பிற மாநிலங்கள் பின்பற்றிய முன்மாதிரி அது. அக்கழகம் முன்கூட்டியே ஓர் அறிவிப்புச் செய்யட்டும்: சர்க்கரை நோயாளியின் பாதப்புண்ணுக்கு இன்ன விலைக்குள், இன்ன உறிஞ்சு திறனுடன், ஒட்டாத, கிருமிநீக்கிய போர்வை வேண்டும், தேறினால் இவ்வளவு வாங்குவோம். விலையை முதலில் வைத்துவிட்டு அறிவியலைப் பின்னால் அழைப்பது ஆய்வாளர்களுக்கு வழக்கமில்லாததாகத் தோன்றலாம். சத்திரப்பட்டி நெசவாளருக்கு அது அன்றாடம்.

அதோடு ஒரு மருத்துவ ஆய்வு. கோவை, ஈரோடு, சேலம், திருப்பூர் அரசு மருத்துவமனைகளில், நோயாளிகளின் முழு இசைவோடு, குலுக்கல் முறையில் மூன்று பிரிவு. ஒன்றுக்கு வழக்கமான காஸ் துணி. ஒன்றுக்கு வெள்ளைப் பாரஃபின் தடவிய, ஒட்டாத காஸ் துணி. ஒன்றுக்கு இங்கே உருவான இயற்கைப் பலபடிப் போர்வை. மூவருக்கும் ஒரே சர்க்கரைக் கட்டுப்பாடு, ஒரே அழுத்த நீக்கம். அளக்க வேண்டியவை: ஆறிய நாட்கள், கட்டு மாற்றிய தடவைகள், மாற்றும்போது வலி, இழந்த கூலி, மொத்தச் செலவு. 2007 முதல் இயங்கும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்பே பதிந்துவிட்டு, முடிவு எதுவானாலும் வெளியிட வேண்டும். நம் போர்வை தோற்றால் அதுவும் அறிவே. பாரஃபின் துணியே போதும் என்று தெரிந்தால் ஏழை நோயாளிக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை.

இதற்கு மறுப்புகள் வரும் என்பதை அறிவோம். கல்லூரி ஆசிரியருக்கு ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்ற நெருக்கடி. ஆய்வு மாணவருக்கு மூன்று நான்கு ஆண்டே கெடு. மருத்துவ நெறிக்குழுவின் ஒப்புதலுக்கு மாதங்கள் ஆகும். 2017ஆம் ஆண்டின் மருத்துவ உபகரண விதிகளுக்கு உட்பட்டு உரிமம் பெற வேண்டும். திசுவுக்கு ஒவ்வாமை இல்லை என்று காட்டும் சோதனைகளுக்குப் பெருந்தொகை வேண்டும். எல்லாம் உண்மை. வளையத்தை அளந்து நிறுத்திக்கொள்பவரை நாம் குறைசொல்லவில்லை. அங்கேயே நிறுத்திக்கொள்வதற்குப் பட்டமும் பதவி உயர்வும் தரும் ஏற்பாட்டைத்தான் குறைசொல்கிறோம். பத்து மாணவர்கள் பத்து மூலிகையோடு தனித்தனியே தொடங்குவதற்குப் பதில், ஒரே போர்வையின் பத்துக் கட்டங்களை ஒருவர் பின் ஒருவராக எடுத்துச் செல்லலாம். ஒருவர் மூலப்பொருளின் சீர்மையை, ஒருவர் கிருமிநீக்கத்தை, ஒருவர் அலமாரி ஆயுளை, ஒருவர் விலையை. ஆலையில் பஞ்சு நூலாகும் வரை கை மாறி கை மாறித்தான் போகிறது. ஆராய்ச்சிக்கு மட்டும் அந்த ஒழுங்கு ஏன் கூடாது?

புலவர்கள் பாடிய புண்ணுக்கு அருகில் எப்போதும் ஒரு பெண் இருந்தாள், அல்லது ஓர் அரசன் விளக்கொளியில் வந்து நின்றான். இன்றைய புண்ணுக்கு அருகிலும் ஆள் இருக்கிறார்: காலையில் வரிசையில் காத்திருக்கும் ஐம்பது பேருக்குக் கட்டு மாற்றும் அரசு மருத்துவமனைச் செவிலியர். அவருடைய தட்டில் எது இருக்கிறது என்பதே கடைசிச் சோதனை. கிண்ணத்தில் தெளிந்த வளையங்கள் எத்தனை மில்லிமீட்டர் விரிந்தாலும், அந்தத் தட்டை எட்டாதவரை அவற்றை வெற்றி என்று எழுதுவதை நாம் நிறுத்திக்கொள்ளலாம்.